மேடை வேண்டாம், மளிகை போதும்

அன்புள்ள சங்கரா,

நலம், நலமறிய ஆவல். இத்தனை நாள் எழுதாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இப்போது அவசரம் வேறு.

காசநோயாளிகளுக்கு ஏதாவது செய்வோம் என்று பணம் திரட்டினாயே, பாஸ்கர் அதைத் திருவிழா ஆக்கிவிட்டான்! மேடை, பேனர், உணவுப்பொருள் பையை நீட்டும்போது வரிசையாகப் புகைப்படம். கையில் மைக் கிடைத்தால் அவன் என்ன ஆவான் என்று உனக்குத் தெரியும். நோய் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்களை மேடை ஏற்றினால் யாரடா வருவார்கள்?

இந்தக் கோபத்தோடுதான் ஒரு வீட்டுக்குப் போனேன். தையல் வேலை செய்கிற அம்மா. மாத்திரை அட்டை மிஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் மிரண்டு, மருந்தையே நிறுத்தப் பார்த்தாராம். அது ரிஃபாம்பிசின் என்கிற காசநோய் மருந்து செய்கிற வேலை, பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருக்கலாம். உதவி என்றால் இதுவும்தானே?

இருமல் குறையக் குறையப் பசி அகோரமாக எடுக்கிறதாம். யாரோ கொடுத்த சத்துமாவு மாதம் முழுக்க வரவேண்டியது, ஒரே வாரத்தில் காலி. "பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் எப்படி சார் சாப்பிடுவது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சங்கரா, பை நோயாளியின் கணக்கில் போனாலும் சாப்பிடுவது வீடு முழுக்க. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப்பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் மட்டும் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வந்தது 39 சதவீதம் குறைவு. பிள்ளைகளின் தட்டில் விழுகிற சோறு வீண் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பாஸ்கர் விடுவானா? "மாத்திரைதான் இலவசமாச்சே" என்கிறான். 1956இல் தொடங்கிய சென்னை ஆய்வையும் எடுத்துப் போட்டான்: வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில், அதாவது காசநோய் மருத்துவமனையில், படுத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். உண்மைதான், நோயைக் குணமாக்குவது மருந்துதான். ஆனால் சானடோரியம் இல்லாமல் போனதும் சோற்றுப் பொறுப்பும் வீட்டின் தலையில் விழுந்ததே, அதை யார் கணக்கில் எழுதினார்கள்? மருந்து இலவசம் என்றாலும் கூலி போகிறது, பஸ் செலவு ஆகிறது. காசநோய் வந்த குடும்பங்களில் ஏறக்குறைய பாதி, ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அதனால் என் யோசனை இதுதான். ஐம்பது பேருக்கு ஒரு நாள் பை கொடுப்பதைவிட, ஐந்து வீடுகளுக்கு சிகிச்சை முடிகிற ஆறு மாதமும் மளிகை, பஸ் காசு. தலைக்கு இவ்வளவு என்று வீட்டிலிருக்கிற எல்லோருக்கும். அப்புறம், பிள்ளைகளைப் பரிசோதனைக்கும் தடுப்பு மாத்திரைக்கும் கூட்டிப்போக ஓர் ஆள். பையில் எந்த எழுத்தும் வேண்டாம்.

பாஸ்கர் நீ சொன்னால் கேட்பான். பேனருக்கு முன்பணம் கொடுப்பதற்குள் அவனைக் கூப்பிட்டுப் பேசு.

உன்,
முரளி