எம்.ஜி.பி. உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா, உறுப்பினர் சேர்க்கை இரண்டிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இந்த ஆண்டு வேலை பெரும்பாலும் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரைப் பழுதுபார்ப்போருக்கு உதவும் சங்கத்தின் படத் தொகுப்பில்தான் நடந்தது.

தொகுப்பில் அழகுப் படங்களுக்குப் பஞ்சமில்லை. குரோம் பம்பர் மின்ன, முன்மூலையிலிருந்து எடுத்தவையே அதிகம். கண்ணுக்கு விருந்துதான், ஸில் (கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடி உடலைத் தாங்கும் தகட்டுப் பகுதி) மாற்றப்போகிறவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான இந்த வண்டியில் இடையிடையே மாறிய பாகங்கள் ஏராளம். 1974-இல் ரப்பர் பம்பர் வந்தபோது வண்டியின் உயரமே கூடியது. ஆண்டு குறிக்காத படத்தைப் பார்த்து வேலை செய்தால் தவறான பாகத்தை வாங்க நேரும். ஆகவே தயாரிப்பு ஆண்டும் சேஸிஸ் எண்ணின் முன்னெழுத்துகளும் (ஜி.எச்.என். என்றால் திறந்த வண்டி, ஜி.எச்.டி. என்றால் ஜி.டி. எனும் கூரையுள்ள வண்டி) இல்லாத படங்களை இனி சேர்ப்பதில்லை என நிர்வாகக் குழு முடிவெடுத்துள்ளது. முழு எண்ணையும் நம்பர் பிளேட்டையும் மறைத்துவிடுங்கள். கைபேசிப் படத்தில் பதிவாகும் இட விவரத்தையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். வண்டி நிற்கும் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

உறுப்பினர்கள் அதிகம் கேட்பது ஸில் படங்களைத்தான். உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என மூன்று அடுக்குகள். வடிகால் துளைகள் சேற்றில் அடைபட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே நடுத்தகடு துருவேறிப் பொடியாகியிருக்கும். திறந்த வண்டியில் பாரத்தைத் தாங்க மேற்கூரை கிடையாது. எனவே தகட்டை வெட்டுமுன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புச் சட்டம் பொருத்த வேண்டும். சட்டம் போடுமுன், போட்டபின், வெட்டியபின், வெல்டிங் முடிந்தபின் என நான்கு கட்டத்திலும் கதவு இடைவெளியை மேலும் கீழும் இரும்பு ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். மேலிடைவெளி குறுகிக்கொண்டே வந்தால் உடல் நடுவில் தொய்கிறது என்று பொருள். அந்த நிலையில் வெல்டிங் செய்தால் கதவு பிறகு சரியாக மூடாது.

கம்பிச் சக்கரத்துக்கு நடு நட்டைக் கழற்றி, ஹப்பின் (சக்கரம் பொருந்தும் மையப் பகுதி) ஸ்ப்ளைனை, அதாவது அதன் பல்வரிசையை, நெருக்கமாக எடுங்கள். பற்களின் முனை தட்டையாக இருந்தால் நலம். கூராகியிருந்தால் தேய்ந்துவிட்டது, ரிவர்ஸிலிருந்து முன்கியருக்கு மாறும்போது ‘டக்’ என்று கேட்பதும் பெரும்பாலும் இதனால்தான். வலப்பக்க நட்டு வலஞ்சுழியாகத்தான் கழலும் என்பதைப் படக்குறிப்பிலும் எழுதுங்கள்.

1967 வரையிலான வண்டிகளில் பேட்டரியின் பாஸிட்டிவ் முனையே எர்த் (வண்டியின் உடலோடு இணைவது). எர்த் கம்பி எந்த முனைக்குப் போகிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். பிற்பாடு மாற்றியிருந்தால் ‘மாற்றப்பட்டது’ என்று குறியுங்கள். இதைக் கவனிக்காமல் புது ரேடியோவைப் பொருத்தினால் ரேடியோ புகைந்துவிடும்.

பராமரிப்புப் பயிற்சியில் கிங்பின்னுக்கு (முன்சக்கரம் திரும்பும் அச்சு) கிரீஸ் அடிப்பது செய்துகாட்டப்பட்டது. பக்கத்துக்கு மூன்று நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் வாய்), ஏறக்குறைய 5,000 கி.மீ.க்கு ஒரு முறை. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தின் பாரத்தை விலக்கிய பிறகே அடிக்க வேண்டும். பாரத்தோடு அடித்தால் தேயும் பரப்புக்குக் கிரீஸ் போய்ச் சேராது.

தொகுப்பில் ஓவர்டிரைவ் (கியர்பாக்ஸோடு இணைந்த, வேகமாக ஓடும்போது இஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) வயரிங் படங்கள் இன்னும் இல்லை. இவ்வண்டியில் கியர்பாக்ஸை வழக்கமாக இஞ்சினோடு சேர்த்தே வெளியே எடுப்பதால் அந்த வாய்ப்பு அடிக்கடி வராது. வரும் ஆண்டில் இஞ்சின் இறக்கவிருப்போர், கம்பிகளைக் கழற்றுவதற்கு முன்பே செயலாளரிடம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்