புனலூர் - செங்கோட்டை ரயிலுக்காக மெனக்கெட்ட எல்லாருக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

வணக்கம். இந்த மலைப்பாதையில் காலையும் மாலையும் வண்டி கேட்டு நாம் எழுதிய மனு போய்ச் சேர்ந்துவிட்டது. மதுரைக் கோட்ட அலுவலகத்துக்கு ஒன்று, சென்னையில் தெற்கு ரயில்வே தலைமையகத்துக்கு ஒன்று, டில்லியில் ரயில்வே வாரியத்துக்கு ஒன்று, கொல்லம், தென்காசி எம்.பி.க்களுக்கு ஆளுக்கு ஒன்று. ஒப்புகை அட்டைகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. கேட்டது கிடைத்ததா என்றால், இன்னும் இல்லை. கிடைத்த பிறகுதான் நன்றி சொல்வது என்று வைத்துக்கொண்டால் இந்தப் பாதையில் யாருக்குமே நன்றி சொல்லியிருக்க முடியாது. பாதையை அகலமாக்குவதற்காக 2010 செப்டம்பரில் மீட்டர்கேஜ் என்ற குறுகிய தண்டவாளத்தில் ஓடிய வண்டியை நிறுத்தினார்கள். அகலப்பாதையை முறையாகத் திறந்தது 2018 ஜூனில். நடுவில் அலைந்தவர்களில் சிலர் புது வண்டியைப் பார்க்காமலே போய்விட்டார்கள். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆரியங்காவுப் பக்கத்துக்காரி. புனலூரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ரயில் இருந்தால் ரயில், இல்லாவிட்டால் பஸ். இந்த மடலில் யார் பெயரும் வராது. பாதிப் பேர் "என் பேரைப் போட்டுடாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரின் பெயரை மட்டும் போட்டால் நான் ஊருக்குள் நடமாட முடியாது.

முதல் நன்றி கார்டு அண்ணாச்சிக்கு. மீட்டர்கேஜ் காலத்திலிருந்து இந்த மலைப்பாதையில் பச்சைக்கொடி காட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மனு என்றால் "ஏழை எளிய மக்களின் நலன் கருதி ஆவன செய்யுமாறு" என்று எழுதுவதுதான் நம் வழக்கம். அண்ணாச்சி அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரயில் வேணும்னு எழுதினா பரிசீலனையில இருக்குன்னு பதில் வரும். எந்தக் கணக்குல இருந்து பணம் வரணும்னு சேர்த்து எழுதுங்க. அப்பதான் ஒருத்தன் ஃபைலைத் திறப்பான்" என்றார்.

பிங்க் புக் என்று ஒன்று இருப்பதே எங்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பட்ஜெட்டை ஒட்டி ரயில்வே வெளியிடும் வேலைப் பட்டியல் அது. ரயில்வேக்கென்று தனி பட்ஜெட் போடுவது 2016உடன் நின்றுவிட்டாலும் இந்தப் பட்டியல் வந்துகொண்டுதான் இருக்கிறது. புதிய பாதைக்கு 11, கேஜ் மாற்றத்துக்கு 14, இரட்டைப் பாதைக்கு 15, தண்டவாளம் புதுப்பிக்க 31, பயணிகள் வசதிக்கு 53 என்று தலைப்புக்குத் தலைப்பு எண் உண்டு. எண்ணுக்கு நேராக ஊர்ப் பெயரும் உருப்படியான தொகையும் இருந்தால் வேலை நடக்கும். சில வேலைகளுக்கு எதிரே வெறும் ஆயிரம் ரூபாய் என்று போட்டிருப்பார்கள். வேலையைக் கைவிடவில்லை, ஆனால் பணமும் தரவில்லை என்று அதற்குப் பொருள். கணக்கு எழுதுகிற எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. கடையிலும் வராத கடனை இப்படித்தான் ஏட்டில் உயிரோடு வைத்திருப்போம்.

ஆகவே நம் மனுவில் கேட்டது மூன்று. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு வேலைக்குப் போகிற நேரத்தில் காலையில் ஒரு முன்பதிவில்லாத வண்டி, மாலையில் அதே போலத் திரும்பி வர ஒன்று. ஏற்கெனவே ஓடும் எக்ஸ்பிரஸ்களில் கூடுதலாகப் பொதுப் பெட்டிகள். சின்ன ஸ்டேஷன்களில் மேடையை உயர்த்தி மேற்கூரை போட 53ஆம் தலைப்பில் நிதி.

இதில் பணப் பேச்சு வந்ததும் ஒரு பெரியவர், "டிக்கெட்டிலேயே போட்டிருக்கே, நாம கொடுக்கிறது செலவுல 57 சதவீதம்தானாம். நஷ்டத்துல ஓடுற வண்டிக்கு இன்னும் எப்படிக் கேட்கிறது?" என்றார். நியாயமான சந்தேகம். 2016 முதல் டிக்கெட்டில் அந்த வரியை அச்சடித்தார்கள். நான் அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். திருமங்கலத்திலிருந்து கொல்லம் வரை போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் வாசலில்தான் ஓடுகிறது. அதைப் போடவும் பராமரிக்கவும் எவ்வளவு செலவு, அதில் லாரிக்காரர் கட்டும் வரி எத்தனை சதவீதம் என்று எங்காவது சீட்டில் அடித்துக் கொடுத்திருக்கிறார்களா? ஒரு கணக்கை மட்டும் வாடிக்கையாளர் கையில் கொடுத்து, இன்னொரு கணக்கைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டால் என் முதலாளியே ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தப் பெரியவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் தன் தெருவில் எட்டு வீட்டுக் கையெழுத்தையும் வாங்கி வந்தார். அவருக்குத் தனி நன்றி.

அடுத்து தலை எண்ணியவர்கள். மனுவுக்கு முதுகெலும்பே இவர்கள் வேலைதான் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஒரு ஸ்டேஷனில் வண்டி நிற்க வேண்டுமா என்று முடிவு செய்யும்போது அங்கே விற்ற டிக்கெட்டைப் பார்க்கிறார்கள். நம் சின்ன ஸ்டேஷன்களில் அந்தக் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் தெரியும். புனலூரில் வேலை பார்ப்பவர் சீசன் டிக்கெட்டைப் புனலூர் கவுன்ட்டரில் எடுத்திருப்பார். மதுரையிலிருந்து வருபவர் மதுரையில் எடுத்திருப்பார். இறங்குவது இங்கே, கணக்கு ஏறுவது அங்கே. அதனால் நாமே எண்ணிப் பார்ப்பது என்று முடிவானது.

எண்ணுவது கேட்பதற்குத்தான் லேசு. வண்டி நிற்பது ஓரிரு நிமிஷம். இறங்குகிறவரும் ஏறுகிறவரும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வார்கள், மழை வேறு. நோட்டில் கோடு போட்டுப் பார்த்ததில் தாள் நனைந்ததுதான் மிச்சம். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு அக்காதான் வழி சொன்னார். மடியில் புளியங்கொட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் இறங்கினால் ஒரு கொட்டையை வலக்கைப் பைக்குள் போட வேண்டும், ஏறினால் இடக்கைப் பைக்குள். குனிந்து பார்க்க வேண்டாம், கண் வாசலை விட்டு நகராது. வண்டி போனபின் பெஞ்சில் கொட்டி எண்ணி எழுதிக்கொள்ளலாம். முன் பெட்டிக்கு ஒருவர், பின் பெட்டிக்கு ஒருவர், நடுவில் ஒருவர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் ஒன்றா இரண்டா என்று ஒரு நாள் சண்டையே வந்தது. டிக்கெட் எடுக்கும் வயதாக இருந்தால் இரண்டு என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்.

அந்த அக்காவுக்கும், பள்ளிக்கூடம் விட்டதும் சீருடையோடு வந்து எண்ணிய பிள்ளைகளுக்கும், அவர்களை மேடை ஓரத்துக்குப் போகவிடாமல் அதட்டிக்கொண்டே இருந்த ஸ்டேஷன் ஊழியருக்கும் நன்றி. அவர் எங்கள் கூட்டத்தில் சேரவில்லை, சேரவும் கூடாது. ஆனால் மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்தார்.

மலையாளத்தில் மனு எழுதிக் கொடுத்த டீச்சருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நம் பாதையின் நிலை அப்படி. ஊர் கேரளத்தில், கோட்ட அலுவலகம் மதுரையில். செங்கோட்டையே 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர் - கொச்சியோடு இருந்த ஊர். இப்போது ஒரே மனுவை மூன்று மொழியில் எழுதினால்தான் எல்லா மேஜைக்கும் போகும். டீச்சருக்குத் தமிழ் வாசிக்க வராது. நான் வாசிக்க வாசிக்கக் கேட்டு எழுதினார். எழுதி முடித்ததும், "இதில் வயசானவங்க சலுகையைக் காணலியே" என்று கேட்டவரும் அவர்தான். 60 தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் போனது போனதுதான். கடைசிப் பத்தியில் அதையும் சேர்த்தோம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்ட தம்பிக்கு நன்றி. 10 ரூபாய் அஞ்சல் ஆணை, ஒரு கவர், கேள்வி நான்கு வரி. முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும் என்பது சட்டம். வந்தது. இரண்டு கேள்விக்கு உருப்படியான பதில், இரண்டுக்கு "இந்த அலுவலகத்தில் இல்லை". தம்பி சளைக்காமல் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கேட்டு அடுத்த அஞ்சல் ஆணையை எடுத்துவிட்டார்.

கையெழுத்துப் போட்டவர்களில் சிலரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி கொண்டுவரும் வியாபாரிகள், சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பொறுமையாக வாசித்துப் போட்டார்கள். மார்கழியில் ஆரியங்காவு ஐயன் கோயில் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து வந்த சௌராஷ்டிரக் குடும்பங்கள், சாமிக்குப் பெண் கொடுத்த வீட்டார் என்ற உரிமையோடு வந்தவர்கள், "எங்க மாப்பிள்ளை ஊருக்கு வண்டி கேட்கிறீங்க, போடாம இருப்போமா" என்று வரிசையாகப் போட்டார்கள். பெரிய ஆச்சரியம் ஜீப் ஓட்டும் சேட்டன்தான். ரயில் வந்தால் அவர் டிரிப்தான் குறையும். ஆனாலும் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "மழையில் ராத்திரி எட்டு மணிக்கு என் மகள் எதில் வருவாள்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

தண்டவாளத்தில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின் கீழே நின்று படம் எடுப்பவர்கள் நிறைய. 1904இல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயில் வந்த காலத்துக் கல்கட்டு அது. அதன் மேலே இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் டார்ச்சும் சுத்தியலுமாக நடந்துபோகும் டிராக்மேனை யாரும் படம் எடுப்பதில்லை. பகவதிபுரத்துக்கும் புனலூருக்கும் நடுவே ஏற்றமும் வளைவும் குகையுமாக இருக்கும் பாதை. திறந்த புதிதில் 14 பெட்டிக்கு மேல் ஏற அனுமதி இல்லை, பின்னால் இன்னோர் எஞ்சின் தள்ள வேண்டும். இப்போது மின்கம்பியும் வந்துவிட்டது. இத்தனையும் பணம் ஒதுக்கியதால் நடந்தது, அந்தப் பணம் கேட்டதால் வந்தது என்று கார்டு அண்ணாச்சி அடிக்கடி சொல்வார். நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். கேட்டும் வராத ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் கேட்காமல் வந்த ஊரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பெண் ஒருத்தி இந்த வேலையைக் கேள்விப்பட்டு நீளமாக எழுதி அனுப்பியிருந்தாள். அங்கே பயணிகளே சேர்ந்து 1967இல் ஒரு சங்கம் வைத்தார்களாம். ரயில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பயணி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த நேரம். 1971இல் ஆம்ட்ராக் என்று தேசிய பயணி ரயில் சேவை ஆரம்பித்தது. அந்தச் சங்கம் பெயர் மாறி இன்றும் நாடாளுமன்றத்தில் போய் நிதி கேட்டுக்கொண்டிருக்கிறது. 2021இல் வந்த உள்கட்டமைப்புச் சட்டத்தில் ரயிலுக்கு 6,600 கோடி டாலர், அதில் 2,200 கோடி நேராக ஆம்ட்ராக்குக்கு. காரில்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாத நாட்டில் இது நடந்திருக்கிறது என்று எழுதியிருந்தாள். அனுப்பியதோடு நிற்காமல் ஜெராக்ஸ் செலவுக்கு ஆயிரம் ரூபாயும் போட்டுவிட்டாள். அதற்கும் நன்றி.

ஒரு சின்ன நல்ல செய்தி. எங்கள் மேடையில் நெடுநாளாக அணைந்து கிடந்த விளக்குகள் இப்போது எரிகின்றன. மனுவால்தான் எரிகிறதா, எப்படியும் மாற்றியிருப்பார்களா என்று ஆராய வேண்டாம். எரிகிறது, நல்லது. மாற்றிய கைக்கு நன்றி. இன்னொன்று, நாடு முழுக்க நடந்தது. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று பெயர் மாற்றிக் குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ஆக்கியிருந்தார்களே, 2024 பிப்ரவரி கடைசியில் அது பழைய 10 ரூபாய்க்கே திரும்பியது. எத்தனையோ ஊரிலிருந்து எத்தனையோ பேர் எழுதினார்கள். முகம் தெரியாத அவர்களுக்கும் இந்த மலையிலிருந்து ஒரு கும்பிடு. தினக்கூலி வாங்குகிறவருக்குப் போக வர 40 ரூபாய் மிச்சம் என்பது என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக வரவு செலவு. வந்தது 4,350 ரூபாய், வெளிநாட்டிலிருந்து வந்த ஆயிரமும் சேர்த்து. ஜெராக்ஸ், டைப்பிங், தபால், அஞ்சல் ஆணை, மதுரைக்கு இரண்டு பேர் போய்வந்த ரயில் டிக்கெட் எல்லாம் போகக் கையில் 612 ரூபாய் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைத் தம்பி பாதி விலைதான் வாங்கினார், அது ரசீதிலேயே தெரியும். அடுத்த பட்ஜெட் வருவதற்கு முன்னால், அக்டோபர் முதல் ஞாயிறு சாயங்காலம், வழக்கமான சாயாக்கடைத் திண்ணையில் கூடுகிறோம். எண்ணிக்கை நோட்டும் கணக்கு நோட்டும் அங்கேயே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். சாயா காசு அவரவருடையது.