ஆழத்தைவிட வாசல் முக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீர்மூழ்கிக் கப்பல்களில் சிக்கியவர்களைக் காப்பாற்றும் மீட்புக் கலங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எந்தக் கலம் எத்தனை மீட்டர் இறங்கும் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. இறங்கியபின் என்ன நடக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

மீட்புக் கலத்தின் அடியில் பாவாடைபோல ஒரு வளையம் உண்டு. நீர்மூழ்கியின் அவசர வாசலைச் சுற்றியுள்ள வழவழப்பான எஃகு வட்டத்தின்மேல் அது சரியாக உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் இடையில் உள்ள தண்ணீரை இறைத்துவிடுவார்கள். அப்புறம் வெளியே இருக்கும் கடலின் அழுத்தமே இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். எத்தனை அருமையான யோசனை! ஆனால் அந்த வட்டம் சேதமாகியிருந்தாலோ, அளவு பொருந்தாவிட்டாலோ, எவ்வளவு ஆழம் இறங்கியும் பயனில்லை.

2000 ஆகஸ்ட் 12 அன்று ரஷ்யாவுக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலில், உள்ளே வெடிப்பு நடந்து, குர்ஸ்க் என்ற ரஷ்ய நீர்மூழ்கி மூழ்கிய இடம் 108 மீட்டர் ஆழம்தான். ரஷ்ய மீட்புக் கலங்கள் திரும்பத் திரும்ப முயன்றும் வாசலில் ஒட்ட முடியவில்லை. 21ஆம் தேதி நார்வே முக்குளிப்பவர்கள் மூடியைத் திறந்தபோது உள்ளே தண்ணீர்தான் இருந்தது. 118 பேர் இறந்தார்கள். வெடிப்புக்குப் பிறகும் 23 பேர் பின்பக்க அறையில் உயிரோடு இருந்ததை, அதிகாரி கொலெஸ்னிகோவ் இருட்டில் எழுதிவைத்த குறிப்பு பின்னர் சொன்னது. அவர்கள் சில மணி நேரமே இருந்திருப்பார்கள் என்கிறார்கள். சரி, ஆனால் அது மேலே இருந்தவர்களுக்கு அன்று தெரியாதே! வெளிநாட்டு உதவியை ஏற்க ரஷ்யா நான்கு நாள் எடுத்துக்கொண்டதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

ஐந்து வருடம் கழித்து ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள கம்சட்கா அருகே ஏஎஸ்-28 என்ற சிறு ரஷ்ய நீர்மூழ்கி சிக்கியது. அதுவே ஒரு மீட்புக் கலம்! 190 மீட்டர் ஆழத்தில் வலையிலும் கேபிளிலும் மாட்டிக்கொண்டது. இந்த முறை ரஷ்யா வெளிநாடுகளிடம் சீக்கிரமே கேட்டது. பிரிட்டன் விமானத்தில் அனுப்பிய ஸ்கார்பியோ என்ற ஆளில்லாக் கருவி கேபிள்களை அறுத்துவிட, ஏழு பேரும் உயிரோடு மேலே வந்தார்கள்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, எந்தெந்த நாடுகளின் நீர்மூழ்கி வாசல்கள் ஒரே அளவில் இருக்கின்றன, யாருடைய கலம் யாருடைய கப்பலில் உட்கார்ந்து பயிற்சி எடுத்திருக்கிறது என்று விசாரித்துப் போடுங்கள். உள்ளே வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள் அதைத்தான் முதலில் தேடிப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்