பெயர் கேட்க மறந்துவிட்டேன், ஐயா

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோவாப் ஊரில், கேம்பர் வண்டிகள் (உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வீட்டு வண்டிகள்) நிறுத்தும் முகாமில், சென்ற ஏப்ரல் மாதம் எங்களுக்குப் பக்கத்து இடத்தில் தங்கியிருந்த பெரியவருக்கு இந்த நன்றி.

அங்கே ஓர் இரவு எங்கள் வண்டியில் எல்லாக் குழாயும் மூடியிருந்தும் தண்ணீர் பம்ப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக உறுமியது. சிங்க்குக்குக் கீழே பலகை ஊறி, தொட்டால் மெத்தென்று அமுங்கியது. குழந்தைகள் இருவரும் தூங்கவே இல்லை. விடிந்ததும் நான் வாளியோடு அலைவதைப் பார்த்து, நீங்களே வந்தீர்கள்.

ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்து, அடியில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வைத்தீர்கள். எது முதலில் நனைகிறதோ அதுதான் கோளாறு! மூன்றாவது நனைந்தது. பிளாஸ்டிக் முழங்கை இணைப்பில் தலைமுடி அளவு விரிசல். குளிர்காலத்தில் குழாயில் நாங்கள் விட்டுவைத்த தண்ணீர் உறைந்து விரிந்த வேலை அது.

அரை அங்குல பெக்ஸ் என்னும் வளையும் பிளாஸ்டிக் குழாயை நேராக வெட்டி, புது இணைப்பை அழுத்திச் செருகினீர்கள். வெட்டு கோணலானால் உள்ளே உள்ள ரப்பர் வளையம் கிழியும் என்று சொல்லி, மறுமுனையை என் கையாலேயே வெட்டவைத்தீர்கள். பம்ப் அடங்கியதும் வந்த அமைதி, அப்பாடா!

பணம் வாங்கவில்லை. சரி, டீயாவது குடியுங்கள் என்றேன். இஞ்சி டீ இரண்டு தம்ளர் குடித்தீர்கள். நாங்கள் மலையேறித் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

உங்கள் குழாய் வெட்டும் கத்தரி எங்கள் மேசையிலேயே இருந்தது ஐயா. துடைத்து, எண்ணெய் போட்டு, பத்திரமாக வைத்திருக்கிறேன்.