எங்கள் தோப்பில் மரம் எண்ணியவர்களுக்கு

எங்கள் ஊரில் அப்போது பணியில் இருந்த கிராம நிர்வாக அலுவலர் ஐயாவுக்கும், உதவி வேளாண்மை அலுவலராக இருந்த தங்கைக்கும், மரம் அறுக்க வந்த தம்பிகளுக்கும், என் நாத்தனார்கள் இருவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகள் தாமதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள், வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் பேராவூரணிப் பக்கத்தையும் புரட்டிப் போட்டது. எங்கள் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பில் 140 மரங்கள். மிஞ்சியவை ஒன்பது. மாமனார் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள் அவை. வரப்பில் போய் உட்கார்ந்த என் கணவர் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. காய்க்கிற தென்னைக்கு அது ஈடாகாது. ஆனால் அந்த 500 ரூபாயின் அருமை தோப்புக்காரர்களுக்குத் தெரியும். சாய்ந்த மரத்தை அப்படியே போட்டுவைத்தால், மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, புதிதாக வைக்கும் கன்றின் குருத்தைத் துளைத்துவிடும். மரத்தை அகற்றாமல் மறுநடவைப் பற்றி நினைக்கவே முடியாது.

ஐயா, தங்கை, கணக்கெடுக்க நீங்கள் இருவரும் வந்த நாள் கண்ணிலேயே நிற்கிறது. முழங்கால்வரை சேறு. மட்டைகளுக்கு மேல் ஏறி இறங்கி, ஒவ்வொரு தண்டிலும் சுண்ணாம்பால் எண் போட்டீர்கள். வேர் பெயராமல் நின்றபடியே கொண்டை திருகிப்போன மரங்கள் பதினான்கு. நிற்கிற மரத்தை யார் சேர்ப்பார்கள் என்று நான் வாய் திறக்கவே இல்லை. அந்தத் தங்கைதான் அண்ணாந்து பார்த்து, “குருத்து போய்விட்டதே அம்மா, இது இனி மரமில்லை” என்று அவற்றுக்கும் எண் போட்டார். எங்கள் கணக்கு 131 ஆனது அப்படித்தான்.

பட்டா அப்போதும் காலமான மாமனார் பெயரிலேயே இருந்தது. பணம் எங்கே நின்றுவிடுமோ என்று நான் தூங்கவில்லை. என்னென்ன தாள் வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி, சிட்டா அடங்கலை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள், ஐயா. நாத்தனார்கள் தங்கள் வீட்டு ஓடு பறந்து கிடந்த நிலையிலும் பஸ் பிடித்து வந்து, தங்கள் பங்கில் ஒரு காசும் கேட்காமல், சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். 1,44,100 ரூபாய் கணக்கில் ஏறியது. என் கணவர் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

பணம் வருவதற்கு முன்பே, வந்ததும் கொடுங்கள் என்று சொல்லி வாளோடு தோப்பில் இறங்கிய தம்பிகளே, உங்களுக்கு என்ன சொல்ல? உங்களில் ஒருவருடைய சொந்தத் தோப்பும் அப்போது விழுந்துதான் கிடந்தது.

அடுத்த ஆண்டு மழைக்கு வைத்த நெட்டைக் கன்றுகளில் பாளை வெடித்திருக்கிறது. முதல் குலையில் பதினோரு காய்கள். ஐயாவும் தங்கையும் மாற்றலாகிப் போய்விட்டீர்கள். இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்களோ. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். எண் போட்ட நீங்களே முதல் இளநீரை வெட்ட வேண்டும் என்று என் கணவர் அந்தக் குலையில் கை வைக்காமல் காத்திருக்கிறார்.

நன்றியுடன்,
பேராவூரணி வட்டாரத் தென்னை விவசாயி ஒருத்தி