சிஸ்டர்களே, அந்த மாதத் தொகையை வாங்காதீர்கள்

சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் முதியோர் இல்லம் நடத்தும் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையின் சிஸ்டர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. நான் கிறிஸ்தவன் இல்லை.

எங்கள் தெரு வியாபாரிகள் சிலர் ஒரு யோசனையோடு இருக்கிறார்கள். “பாவம், இல்லத்து முதியவர்களுக்காக அரிசி, பருப்பு கேட்டு சிஸ்டர்கள் இந்த வெயிலில் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு மாதாமாதம் பேங்கில் கட்டிவிடலாம். அவர்களுக்கும் அலைச்சல் மிச்சம், நமக்கும் வேலை முடிந்தது” என்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். சீக்கிரமே உங்களிடம் பேசவும் வருவார்கள். வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

உங்கள் சபையின் கதையை உங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் எங்கள் தெருக்காரர்களும் இதைப் படிப்பார்கள். 1839-இல், பிரான்சின் பிரிட்டனி பகுதியில், ஒரு குளிர்காலம். பின்னாளில் உங்கள் சபையைத் தொடங்கிய ஜீன் ஜூகன், அன்று வீட்டு வேலை செய்து பிழைத்துவந்தார்; அப்போது அவருக்கு 47 வயது. கண் தெரியாத, ஒரு பக்கம் விளங்காத ஒரு கிழவியை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலில் படுக்கவைத்தார். தான் பரணுக்குப் போய்விட்டார். அடுத்தடுத்து வந்து சேர்ந்த கிழவிகளில் பலர் தெருவில் பிச்சை எடுத்தவர்கள். வழக்கமாக யார் யார் வீட்டில் வாங்குவீர்கள் என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டு, கூடையோடு அதே வாசல்களுக்கு ஜீன் போனார். “இனி அவர்களுக்குப் பதிலாக நான் வருகிறேன்” என்று நின்றார்.

கை நீட்டுவது இழிவு என்று நம் வீடுகளில் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அந்த இழிவை வயதானவர்கள் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்ட ஒருத்தியை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அவரைச் சபையே பிறகு ஓரங்கட்டியது. 1852-இலிருந்து 27 ஆண்டுகள், 1879-இல் இறக்கும்வரை, தலைமை இல்லத்தில் ஒதுங்கியே வாழ்ந்தார். கூட இருந்த இளம் சகோதரிகளில் பலருக்கு, சபையைத் தொடங்கியதே இவர்தான் என்று தெரியாது. ஆனாலும் 1865-இல், சபைக்கு நிலையான வருமானம் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி வந்தபோது அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேண்டாம் என்றார். சபையும் வேண்டாம் என்றே முடிவெடுத்தது. 2009-இல் திருத்தந்தை அவருக்குப் புனிதர் பட்டம் தந்தார், அது இருக்கட்டும். எனக்குப் பெரியது அந்த 1865 பதில்தான்.

ஏன் என்று எங்கள் கடையிலேயே பார்த்திருக்கிறேன். அப்பா இருந்தபோது, இல்லத்துக்காகப் பருப்பு கேட்டு வந்த ஒரு சிஸ்டர், மூட்டை இறக்கும் பெரியவர் ஒருவரைக் கவனித்தார். எங்கே தூங்குகிறீர்கள், யார் சாப்பாடு போடுகிறார்கள் என்று விசாரித்தார். கடைத் திண்ணையில்தான் தூங்குகிறார் என்பது பத்து வருடமாக அவருக்குக் கூலி கொடுத்த எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நாளில் அவருக்கு ஓர் இல்லத்தில் இடம் கிடைத்தது. சாதி, மதம் எதுவும் கேட்கவில்லை. கடைசிவரை அங்கே இருந்தார். பேங்கில் பணம் கட்டியிருந்தால் அந்த சிஸ்டர் எங்கள் கடைப் படியேறியே இருக்கமாட்டார்.

விருந்தோம்பலை நான்காவது வார்த்தைப்பாடாக, அதாவது கடவுளுக்குத் தரும் துறவற வாக்காக, கொடுக்கிறவர்கள் நீங்கள். அந்த வார்த்தைப்பாடு இல்லத்துக்குள் மட்டும் நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் வந்து நின்று கேட்கிறபோது, கொடுக்கிற எங்களையும் அதில் சேர்த்துக்கொள்கிறீர்கள். என் பையன் கல்லாவில் உட்கார்ந்த முதல் மாதம், உங்களுக்கு அரிசி அளந்து கொடுத்தபோதுதான் கொடுக்கப் பழகினான்.

வெயில் உண்மை. சிஸ்டர்களுக்கும் வயதாகிறது, அதையும் பார்க்கிறேன். நடக்க முடியாவிட்டால் சொல்லுங்கள், பையனின் குட்டியானை வண்டியை அனுப்புகிறேன். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேர் வண்டி தரத் தயார், கேட்டுவிட்டேன். மூட்டையை நாங்கள் தூக்குகிறோம். கேட்க மட்டும் நீங்கள் வாருங்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. துவரம்பருப்பு எடுத்து வைத்திருக்கிறேன். பொன்னி அரிசி போன தடவை கொஞ்சம் பழையதாக இருந்தது, மன்னிக்கவும். இந்த முறை புது மூட்டை பிரித்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு மளிகைக் கடைக்காரன்