பிளக்கைக் கழற்றிப் பாரு, தம்பி

மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வத்திருச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு உன்கிட்ட இருந்து வந்தது ஒத்தை வரி: ‘சேத்தக் ஸ்கூட்டர் ரெண்டு மாசமா சும்மா நிக்குது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, என்ன செய்ய?’ அதையாவது கேட்டியே. போன்ல சொன்னா பாதியில ‘சரிப்பா’ன்னு வச்சிருவ. அதான் எழுதுறேன்.

சும்மா உதைச்சு உதைச்சுக் காலை ஒடிச்சுக்காத. முதல்ல இன்ஜின்ல இருக்கிற ஸ்பார்க் பிளக்கைக் கழற்று. நுனி காய்ஞ்சிருந்தா பெட்ரோல் வரல. நனைஞ்சிருந்தா பெட்ரோல் தேங்கிருக்கு, இல்ல நெருப்பு வரல. பெட்ரோல் டேப்பை மூடி, சுவிட்சை அணைச்சு, ஆக்சிலேட்டரை முழுசாத் திருகிப் பத்து உதை விடு, தேங்குனது வெளியேறிரும். பிளக்கை நல்லாத் துடை. கரி இருந்தா உப்புத்தாள்ல தேய்ச்சு, இடைவெளி 0.6 மில்லிமீட்டர் வை. அப்புறம் வயர்ல மாட்டி, பிளக் ஓட்டையை விட்டு விலக்கி இன்ஜின் இரும்புல ஒட்டி வச்சு, சுவிட்சைப் போட்டு உதை. நீலமா ‘டிக்’குன்னு அடிக்கணும். மஞ்சளா மினுக்குனா புது பிளக் போடு.

காய்ஞ்சிருந்தா டேங்க்ல கிடக்கிற பழசை இறக்கிட்டுப் புதுசு ஊத்து. இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும். கார்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை, அந்த ஜெட்டைக் காத்தடிச்சு ஊது. கம்பி விடாத, ஓட்டை பெருத்துரும். பத்தாவது படிக்கிறப்ப குண்டூசி விட்டவன்தானே நீ! அழகர்கோயில் ரோட்டுல வண்டி நின்னு நின்னு போனப்ப, ‘டேங்க் மூடி ஓட்டை அடைச்சிருக்குப்பா’ன்னு சொன்னவனும் நீதான். மெக்கானிக்கே அசந்துட்டாரு. அங்க குளிரு, காலையில சோக்கை இழு. ஜெட்டுல கம்பி விடாத.

ஆமா, ரெண்டு மாசம் வண்டி ஏன் சும்மா நின்னுச்சு? ஞாயித்துக்கிழமை பாப்பாவை முன்னாடி நிக்க வச்சு ஒரு சுத்து போவியே. அம்மா போன் பண்ணினா பாப்பா தூங்குதுங்கற. சாயங்காலம் ஆறு மணிக்குமா தூங்கும்? நான் ஒண்ணும் கேக்கல. பிளக்கைப் பாரு.

நீ கைக்குழந்தையா இருந்தப்ப அம்மா கோவிச்சுக்கிட்டு மேலூர் போயிட்டா. தப்பு என் மேலதான். நாலு மாசம் நான் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. கேட்டவங்ககிட்ட எல்லாம் ‘வண்டி ஸ்டார்ட் ஆகல’ன்னேன். மேலூர் என்ன தூரம், முப்பது கிலோமீட்டர். பஸ்ஸா இல்ல? கடைசியில உன் தாய்மாமா வந்தாரு. வண்டியைப் பாத்தாரு. ஒண்ணும் பேசல. குனிஞ்சு டேப்பைத் திறந்தாரு. ரெண்டாவது உதையில புகையைக் கக்கிட்டு ஓடுச்சு. மூடி வச்சது நான்தான்னு அவருக்குத் தெரிஞ்சிருச்சு. உங்க அம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் அவரும் சொல்லல, நானும் சொல்லல. மேலூர்ல என்னைப் பாத்ததும் நீ வேத்தாளைப் பாத்த மாதிரி வீல்னு கத்துன.

பிளக் ஈரமா, காய்ஞ்சிருக்கான்னு பதில் போடு. வண்டி கிடக்கட்டும். சனிக்கிழமை ராத்திரி ஓசூர்ல பஸ் ஏறினா சேலம், கரூர் வழியா விடியறப்ப திண்டுக்கல். சம்பந்தி வீட்டுக்கு பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே போயிரலாம்.

அப்பா